வறண்ட வாயின் பற்களையும் நோயின் கணக்கில் சேர்க்க வேண்டும்

ஷோக்ரன் நோய் கண்ணையும் வாயையும் வறளச் செய்யும் ஒரு தன்னுடல் தாக்குநோய். உடலைக் காக்கவேண்டிய நோயெதிர்ப்பு அணுக்களே உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்குள்ளும் கண்ணீர்ச் சுரப்பிகளுக்குள்ளும் புகுந்து அவற்றைச் சிதைக்கின்றன. ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் 19 பெண்களை ஆராய்ந்து 1933-இல் அளித்த ஆய்வேட்டின் வழியாக இந்தப் பெயர் நிலைத்தது. நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பெண்கள். இது தனித்தும் வரும். முடக்குவாதம், லூபஸ், தோல் இறுகும் ஸ்க்ளிரோடெர்மா ஆகியவற்றோடு சேர்ந்தும் வரும். மூட்டு வலிக்கும் கண் எரிச்சலுக்கும் மருத்துவமும் காப்பீடும் இடம் கொடுத்திருக்கின்றன. இதே நோய் ஒன்றன்பின் ஒன்றாக அழிக்கும் பற்களுக்கு அந்த இடம் இல்லை. அவை நோயாளியின் சொந்தச் செலவு, போதாக்குறைக்கு அவரது சொந்தக் குற்றம் என்றும் ஆகிவிடுகின்றன. இந்தப் பாகுபாட்டுக்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது.

உமிழ்நீர் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. சாப்பிட்டபின் வாயில் கிருமிகள் உண்டாக்கும் அமிலத்தை அதிலுள்ள பைகார்பனேட் தணிக்கிறது. அமிலம் அரித்த இடங்களை அதிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் மீண்டும் நிரப்புகின்றன. கிருமிகளை அடக்கும் புரதங்களும் அதில் உண்டு. அமிலம் கூடக் கூட இறங்கும் பிஎச் (pH) அளவு வாயில் ஏறத்தாழ 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். ஈறு இறங்கி வெளியே தெரியும் பல்வேர் இன்னும் மென்மையானது. 6-ஐச் சற்றுத் தாண்டிய நிலையிலேயே கரைந்துவிடும். நல்ல உமிழ்நீர் உள்ளவருக்கு ஒரு வாய் இனிப்புக் காப்பியின் அமிலம் அரைமணி, முக்கால்மணி நேரத்தில் தணிந்துவிடும். சுரப்பி சிதைந்தவருக்கு அந்த அமிலம் நெடுநேரம் அப்படியே தங்குகிறது. எவ்வளவு ஒழுங்காகப் பல் துலக்கினாலும் இந்தக் குறை தீராது.

இப்படி வரும் சொத்தைக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. சாதாரணச் சொத்தை கடைவாய்ப் பல்லின் குழிகளிலும் பல்லிடுக்குகளிலும் பிடிக்கும். வறண்ட வாயிலோ ஈறோரத்தில் வளையமாகவும், வெட்டுப் பற்களின் நுனியிலும், கடைவாய்ப் பல்லின் மேட்டிலும், முன்பு போட்ட கேப்பின் அடியிலும் பிடிக்கிறது. கீழ்வரிசை முன்பற்கள் நாக்கடிச் சுரப்பிகளின் உமிழ்நீரில் எப்போதும் நனைந்திருப்பவை; பிறருக்குக் கடைசியாகத்தான் கெடும். இந்நோயில் அவையும் சில மாதங்களிலேயே பழுத்து நொறுங்குவதுண்டு. இந்த அமைப்பைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு பல் மருத்துவருக்கு உமிழ்நீரைப் பற்றிய சந்தேகம் எழவேண்டும். பல நோயாளிகள் நோயின் பெயரை அறிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சொத்தைக்காகப் பல் மருத்துவரிடம் போயிருப்பார்கள். அங்கே அவர்கள் கேட்பதெல்லாம் ‘ஒழுங்காகப் பல் தேய்ப்பதில்லையா, ராத்திரியில் மிட்டாய் தின்கிறீர்களா’ என்ற கேள்விகளைத்தான்.

மிட்டாய்க் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். வாய் காய்ந்தவர் எதையாவது சப்பத்தான் செய்வார். இருமல் மிட்டாய், புளிப்பு மிட்டாய், உப்பிட்ட நெல்லிக்காய், சர்க்கரை போட்ட எலுமிச்சைச் சாறு என வீட்டில் கிடைக்கும் கைவைத்தியம் எல்லாமே சர்க்கரையாகவோ அமிலமாகவோ இருக்கிறது. அமிலத்தைத் தணிக்க உமிழ்நீர் இல்லாத வாயில் இவை சொத்தையை விரைவுபடுத்தும். சைலிட்டால் சேர்ந்த சர்க்கரையில்லாச் சூயிங்கம்மும், அடிக்கடி ஒரு மிடறு வெறுந்தண்ணீரும் அந்த இடத்தில் வரவேண்டும். நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் எழுதித்தரும் அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகள் வாயை மேலும் உலர்த்துகின்றன. ஆனால் இதையெல்லாம் நோயாளியிடம் சொல்லவேண்டியவர் யார்? வாதநோய் மருத்துவர் வாயைத் திறந்து பார்ப்பதில்லை. பல் மருத்துவர் மருந்துச்சீட்டைக் கேட்டு வாங்குவதில்லை.

சொத்தை விழுந்தபின் நடப்பதும் வழக்கமான பாதையில் போகாது. அடைத்த இடத்தின் விளிம்பிலேயே மறுபடியும் அரிக்கும். பிறகு வேர் சிகிச்சை, அதன்மேல் கேப், கேப்பின் அடியில் மீண்டும் சொத்தை. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு பல்செட் வைத்துக்கொண்டால் தீர்ந்தது என்று பலர் யோசனை சொல்கிறார்கள். வறண்ட வாய்க்கு அது தீர்வாகாது. பல்செட் ஈறில் ஒட்டிப் பிடிப்பதற்கே மெல்லிய உமிழ்நீர்ப் படலம் தேவை. அது இல்லாதபோது பல்செட் நழுவும், உரசும், புண்ணாக்கும்; அடியில் கேண்டிடா பூஞ்சை வளரும். மிஞ்சுவது எலும்பில் பதிக்கும் இம்ப்ளான்ட். அதன் விலை பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாது.

புற்றுநோய் சிகிச்சையோடு ஒப்பிட்டால் அநீதி தெளிவாகும். தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும்போதும் உமிழ்நீர்ச் சுரப்பிகள் அழிகின்றன, இதே வகைச் சொத்தை வருகிறது. அதனால் கதிர்வீச்சைத் தொடங்குமுன் நோயாளியைப் பல் மருத்துவரிடம் அனுப்பி, கெட்ட பல்லை எடுத்து, ஃப்ளூரைடு சிகிச்சையைத் தொடங்கிவைப்பது புற்றுநோய் மையங்களில் நிலைபெற்ற நடைமுறை. சுரப்பியை அழித்தது கதிரா, தன் உடலின் அணுக்களா என்பது பல்லுக்குத் தெரியாது. முதல் நோயாளிக்குக் கிடைக்கும் முன்காப்பு இரண்டாமவருக்கும் கிடைக்கவேண்டும்.

முன்காப்பின் பெரும்பகுதி எளியது. 22,600 பிபிஎம் ஃப்ளூரைடு உள்ள வார்னிஷைப் பல் மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பல்லில் பூசலாம். சுரப்பியில் கொஞ்சமாவது உயிர் இருந்தால் பைலோகார்பின், செவிமெலின் மாத்திரைகள் உமிழ்நீரைத் தூண்டும். கட்டுக்குள் வராத ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் சிலவகைக் கண் அழுத்த நோயாளிகளுக்கும் அவை ஆகா. வீட்டில் தினமும் துலக்குவதற்கு 5000 பிபிஎம் ஃப்ளூரைடு பற்பசையை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மருத்துவர் சீட்டின்பேரில் தருகிறார்கள். இந்தியாவில் பற்பசைக்கான வரம்பு 1000 பிபிஎம். பொதுமக்களுக்கு அந்த வரம்பு சரியானதே. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரிலுள்ள ஃப்ளூரைடு பல்லையும் எலும்பையும் என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு கண்கூடாகப் பார்த்திருக்கிறது. ஆனால் குழந்தைப் பருவம் முதல் ஆண்டுக்கணக்கில் குடிக்கும் நீர் வேறு. ஐம்பது வயதுப் பெண் துலக்கித் துப்பும் பசை வேறு. மருத்துவர் சீட்டுக்கு மட்டும் கிடைக்கும் மருந்தாக இதை அனுமதித்து, பரவலாகக் கிடைக்கச் செய்வதில் எந்த ஆபத்தும் இல்லை.

செலவை யார் ஏற்பது என்பதுதான் முடிச்சு. இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகள் பெரும்பாலும் விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பல் சிகிச்சைக்குப் பணம் தருகின்றன. ஆயுஷ்மான் பாரத், தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆகியவை முதன்மையாகப் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைகளுக்கானவை. வார்னிஷ் பூசவோ பல் அடைக்கவோ யாரும் படுக்கையில் சேர்வதில்லை. அமெரிக்காவில் 1965-இல் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேருக்குச் சட்டம் வந்தபோதே பல் சிகிச்சை விலக்கப்பட்டது. 2023 முதல் அந்த விலக்கு சற்றே தளர்ந்து உறுப்பு மாற்று, இதய வால்வு அறுவை, பிறகு தலை, கழுத்துப் புற்றுநோய், டயாலிசிஸ் என விதிவிலக்குகள் சேர்ந்தன. ஷோக்ரன் நோய் அந்தப் பட்டியலில் ஏறவில்லை. மாறாக, ஷோக்ரன் பிறந்த ஸ்வீடன், சில நோய்களால் பல் கெடும் அபாயம் உள்ளவர்களின் தடுப்புச் சிகிச்சைக்கென 2013-இல் கொண்டுவந்த சிறப்பு மானியத்தில் இந்நோயையும் சேர்த்தது. தொகை அரையாண்டுக்கு 600 குரோனர். ஜெர்மனியின் சட்டபூர்வக் காப்பீடு பொதுவாக இம்ப்ளான்ட்டுக்குப் பணம் தராது. சாதாரணப் பல்செட் பொருந்தாத நிலையில், நிரந்தரமான கடும் வாய் வறட்சி உள்ளவர்கள் உள்ளிட்ட சிலருக்கு மட்டும் விதிவிலக்கு வைத்திருக்கிறது. ஒன்று சிறுதொகையில் முன்கூட்டியே காக்கிறது. மற்றது எல்லாம் கெட்டபின் பெருந்தொகை தருகிறது. வருமானம் குறைந்த நாட்டுக்கு ஸ்வீடனின் வழியே பொருந்தும்.

கதவைத் திறந்தால் சொத்தைப் பல் உள்ள எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள் என்று காப்பீட்டுத் துறையினர் அஞ்சலாம். வரமுடியாது. இந்நோயை வகைப்படுத்தும் 2016-ஆம் ஆண்டு அளவுகோல் திட்டவட்டமானது. எஸ்எஸ்ஏ எதிர்ப்புப் புரதமும், உதட்டின் உட்புறச் சிறுசுரப்பித் திசுச் சோதனையும் தலா மூன்று புள்ளிகள். இரு வகைக் கண் வறட்சிச் சோதனைகளும், தூண்டாத நிலையில் நிமிடத்துக்கு 0.1 மில்லிலிட்டர் அல்லது அதற்கும் குறைவான உமிழ்நீரும் தலா ஒரு புள்ளி. நான்கு புள்ளி இருந்தால் நோய் உண்டு. இவற்றில் உமிழ்நீர் அளவைக்கு ஒரு குவளையும் கடிகாரமும் போதும். நோயாளியின் பழக்கத்தைக் காரணம் காட்டியும் மறுக்க முடியாது: சர்க்கரை நோயாளியின் பாதப்புண்ணை ‘செருப்புப் போடாததன் விளைவு’ என்று எந்தக் காப்பீடும் தள்ளுவதில்லை.

ஆகவே அரசு செய்யவேண்டியவை சில. நோய் உறுதியான ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு நான்கு முறை பல் பரிசோதனை, வார்னிஷ், அடைப்பு ஆகியவற்றை வெளிநோயாளி நிலையிலேயே காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்கவேண்டும். முடக்குவாதத்தில் விரல் கோணிப் பிரஷைப் பிடிக்க முடியாதவர்களுக்கும், ஸ்க்ளிரோடெர்மாவில் வாய் அகலத் திறக்க முடியாதவர்களுக்கும் இந்தச் சலுகை நீளவேண்டும். பல் மருத்துவ மாணவர்கள் சொத்தையின் அமைப்பைப் பார்த்து உமிழ்நீரை அளக்கப் பழகவேண்டும். தனியார் பாலிசிகளில் ‘நோயால் வரும் பல் சேதம்’ என்ற பிரிவைக் கட்டாயமாக்கக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் முன்வரவேண்டும். தொடங்குவதற்குப் புதிய கட்டடம் எதுவும் வேண்டியதில்லை. சென்னையில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் வாதநோய்ப் பிரிவிலிருந்து தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு நடந்தே போய்விடலாம். வாதநோய்ப் பிரிவில் நோயாளியின் சீட்டோடு பல் பிரிவுக்கான பரிந்துரையையும் சேர்த்துக் கொடுப்பதைக் கட்டாயமாக்கி, பிற மாவட்டத் தலைமை மருத்துவமனைகளுக்கும் அதை விரிவுபடுத்த ஒரு சுற்றறிக்கை போதும்.