ஒன்றாம் ஆண்டுப் பதிவுக்கு முன்

பினாங்குத் தீவிலும் பெருநிலத்திலும் வாழும் என் உறவுகளுக்கு,

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. சென்ற தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை வந்திருந்தபோது, ஒரு தண்ணீர்ப்பந்தலில் பழைய வகுப்புத் தோழர்கள் சிலரைப் பார்த்தேன். பேச்சு பிள்ளைகளின் படிப்புக்கு வந்தது. "தமிழ்ப்பள்ளியில போட்டா தேசிய மொழியில பின்தங்கிடும்டா. நாம பட்டது போதாதா?" என்றான் ஒருவன். இன்னொருவன், "அங்க பிள்ளைங்களே இல்லையே, படிப்பு எப்படி வரும்?" என்றான். அன்று என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. இரண்டுக்கும் இப்போது பதில் சொல்கிறேன்.

நாம் பட்டது உண்மை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழ், கோயிலில் தமிழ். மலாய் என்றால் சந்தையில் காது வழியாக வந்த பத்துச் சொல். ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் தேர்வில் மலாயில் தேறாததால் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் போனது. இடைநிலைப்பள்ளியில் ஓர் ஆசிரியர் எங்களை மொத்தமாகக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். அந்த வலி இன்னும் இருக்கிறது. ஆனால் கணக்கையும் அறிவியலையும் தமிழில் படித்ததால் நான் பின்தங்கவில்லை. அவை எனக்கு நன்றாகவே வந்தன. மலாய் வாசிக்க வீட்டில் ஒரு புத்தகம் இல்லை, பேசிப் பழக ஆள் இல்லை. குறை அங்கேதான் இருந்தது.

இரண்டாவது கேள்வி பெரியது. பிள்ளைகள் எங்கே போனார்கள்?

ஜோர்ஜ்டவுனின் பழைய வரிசை வீடுகளில் நம்மவர்கள் குறைந்த வாடகைக்குக் குடியிருந்ததை நினைத்துப் பாருங்கள். போருக்கு முந்தைய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காவலாக இருந்தது. 2000 ஜனவரி 1 முதல் அந்தச் சட்டம் இல்லை. ஒரே ஆண்டில் வாடகை பல மடங்காக ஏற, குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கும், பாலம் தாண்டி பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கமும் போயின. 2008-இல் யுனெஸ்கோ நகரத்தை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. பெருமைதான். ஆனால் நம்மவர்கள் சமைத்து உறங்கிய வீடுகள் பல இன்று தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும். பள்ளிக்கூடம் இருந்த இடத்திலேயே இருந்தது. பிள்ளைகள் இடம் மாறினார்கள். அதோடு, நம் குடும்பங்களில் இப்போது ஒன்றோ இரண்டோ பிள்ளைகள்தான். நாடு முழுவதும் பாதிக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் 150 மாணவருக்குக் குறைந்தவை. 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்த நாடு இது. இப்போது ஐந்நூற்றுச் சொச்சம். அதில் 28 நம் மாநிலத்தில்.

இந்தக் கதையைத் தெரிந்துகொள்ளாமல் பள்ளியின் தேர்ச்சியைப் பேசக்கூடாது. யூபிஎஸ்ஆர் இருந்த காலத்தில், ஆறாம் ஆண்டில் பன்னிரண்டு பேர் தேர்வு எழுதினால், ஒரு பிள்ளை தவறினாலே எட்டு விழுக்காடு சரியும். கார் வைத்திருக்கும் குடும்பம் பிள்ளையைத் தூரத்துப் பெரிய பள்ளிக்கோ சீனப்பள்ளிக்கோ அனுப்பிவிடும். மிஞ்சுவது யார்? அம்மா இரவு வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை, பாலர் பள்ளியைப் பார்க்காத பிள்ளை. அவர்களை வைத்து வரும் மதிப்பெண்ணைக் காட்டி, "பள்ளி சரியில்லை" என்று அடுத்த குடும்பமும் விலகுகிறது. என்னைப் பொறுத்தவரை இது அநியாயம்.

முன்பெல்லாம் நவம்பர் வந்தால் எல்லாப் பாடத்திலும் 'ஏ' வாங்கிய பிள்ளைகளின் படங்கள் நாளிதழ்களை நிறைக்கும். யூபிஎஸ்ஆர் 2021-இல் ஒழிக்கப்பட்டபின் அந்தப் பட்டியல் இல்லை. நல்லதென்றே நினைக்கிறேன், ஒரு பயத்தோடு. பட்டியல் போனதும் பெற்றோர் கேள்வி கேட்பதும் நின்றுவிட்டது. வகுப்பறை மதிப்பீட்டில் ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலை தருகிறார்கள். உங்கள் பிள்ளை மலாய் வாசிப்பில் எந்த நிலையில் நிற்கிறது? மூன்றாம் ஆண்டிலேயே கேளுங்கள். என் அப்பாவுக்குக் கேட்கத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரியும்.

இங்குள்ள நிலையையும் சொல்கிறேன். சிங்கப்பூரின் கடைசித் தமிழ்ப்பள்ளியான உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982-இல் மூடப்பட்டது. மாணவர் குறைந்துகொண்டே போனதுதான் காரணம். தமிழ் இங்கே ஆட்சிமொழி, பள்ளியில் தாய்மொழிப் பாடம். அரசு அதற்குச் செய்வதைக் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் என் மகளுக்குப் பின்னத்தைத் தமிழில் விளக்கினால் விழிக்கிறாள். மூடிய பள்ளியை இங்கே யாரும் திரும்பத் திறக்கவில்லை.

உங்கள் ஊரில் 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில்தான் மலாயாவின் முதல் தமிழ் வகுப்பு தொடங்கியது. தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தொடுத்த வழக்கும் 2024-இல் கூட்டரசு நீதிமன்றத்தோடு முடிந்தது, பள்ளிகள் வென்றன. சட்டம் காப்பாற்றும் பள்ளியை நாம் காலியாக விடலாமா? பிள்ளைகள் இல்லாத இடத்தில் நிற்கும் பள்ளியைப் பிள்ளைகள் இருக்கும் குடியிருப்புக்கு மாற்றக் கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். வெளிநாட்டில் இருக்கும் என்னைப் போன்றவர்களே, மாலை அணிவித்துப் படம் எடுக்க வரவேண்டாம். ஒரு பிள்ளையின் வேன் கட்டணத்தை ஆறு வருடம் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பதிவு இணையத்தில்தான் நடக்கிறது. பள்ளியின் பெயரைத் தேர்ந்தெடுக்கும் முன், இராமகிருஷ்ணாவோ ஆசாத்தோ இராஜாஜியோ சுங்கை ஆராவோ, உங்களுக்கு அருகில் இருக்கும் தமிழ்ப்பள்ளிக்கு ஒரு காலை நேரில் போய் வாருங்கள். மூன்றாம் ஆண்டில் எத்தனை பிள்ளைகள் மூன்று மொழியிலும் வாசிக்கிறார்கள் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். போக்குவரத்துச் செலவு ஒன்றுதான் தடையென்றால், எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பிள்ளை