மாமல்லபுரத்துக்கு ஒரு ‘பௌல் கேம்’ வேணுமா?

டிசம்பர் வந்தாலே ரீல்ஸில் அமெரிக்கக் கல்லூரிகளின் ‘பௌல் கேம்’ கிளிப்புகள் எட்டிப் பார்க்கும். கிரிக்கெட் பௌலிங்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதும் அமெரிக்கன் ஃபுட்பாலில், சீசன் முடிந்ததும் நன்றாக ஆடிய கல்லூரி அணிகளை அழைத்து நடத்தும் ஒற்றை மேட்ச் அது. பாசடீனாவில் கிண்ண வடிவில் கட்டிய ‘ரோஸ் பௌல்’ ஸ்டேடியம்தான் அந்தப் பெயரைக் கொடுத்தது.

மேட்ச் ஸ்டேடியத்தைவிடப் பழசு. ரோஜா அணிவகுப்புக்குப் பேர்போன அந்த ஊர், கூட்டம் சேர்க்க 1902 ஜனவரி 1-ல் முதல் ஆட்டத்தை நடத்தியது. மிச்சிகன் 49, ஸ்டான்ஃபோர்டு 0. நேரம் முடியும் முன்பே ‘ஆள விடுங்க சாமி’ என ஸ்டான்ஃபோர்டு கிளம்பிவிட்டது! பிறகு 1916 வரை ஃபுட்பாலே கிடையாது. ரதப் பந்தயமெல்லாம் விட்டுப் பார்த்தார்கள். அடிப்படையில் இது டூரிசம் ஐடியா. பனியில் உறையும் ஊர்க்காரர்களை வெயில் ஊருக்கு இழுப்பது. மயாமியும் நியூ ஆர்லியன்ஸும் 1935-ல் அதையே செய்தன.

வெயில், கடல், டிசம்பர் சீசன்... மூணும் மாமல்லபுரத்தில் இருக்கு. நாட்டிய விழா நடக்கிறது. 2022-ல் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட்டுக்கு 180-க்கும் மேற்பட்ட நாடுகள் வந்தன. 2023-ல் சர்வதேச சர்ஃபிங் போட்டி. அதே செங்கல்பட்டு மாவட்டத்தின் காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். மாதிரி பெரிய பல்கலைக்கழகமும் உண்டு. ஆனால் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான நம்ம கால்பந்துப் போட்டிகளை, ஆடுகிறவர்களின் ஹாஸ்டல் நண்பர்களைத் தாண்டி எத்தனை பேர் பார்க்கிறோம்?

அப்போ ஒரு ‘மாமல்லபுரம் பௌல்’ நடத்திடலாமா? நடத்தலாம். ஆனா அமெரிக்கா செய்ததை அப்படியே காப்பி அடிக்கக் கூடாது. அங்கே ஊருக்கு வருமானம், டிவிக்கு விளம்பரம், கோச்சுக்குக் கோடிகள். ஆடிய பையனுக்கோ ரொம்ப காலம் ஸ்காலர்ஷிப்தான். 2016 ஜனவரி 1-ல் ஃபியஸ்டா பௌலில் ஜெய்லன் ஸ்மித்தின் முழங்கால் நொறுங்கியது. முதல் சுற்றிலேயே தேர்வாக வேண்டியவர், என்.எஃப்.எல். தேர்வில் இரண்டாம் சுற்றுக்குச் சரிந்தார். அதே வருஷக் கடைசியில் கிறிஸ்டியன் மெக்கஃபிரே பௌல் ஆட்டமே வேண்டாம் என ஒதுங்கினார். சுயநலம் என்று திட்டியவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமான கணக்காகத்தான் படுகிறது. விளம்பரத்தில் சம்பாதிக்க 2021-லும், பல்கலைக்கழகத்திடம் நேரடியாகப் பணம் பெற 2025-லும்தான் வழி பிறந்தது.

நம்ம பசங்களுக்கு என்.எஃப்.எல். இல்லை. பலருக்கு இலக்கு ரயில்வே, போலீஸ், வங்கி என ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை. அதற்குப் பல்கலைக்கழகப் போட்டிச் சான்றிதழ் கைகொடுக்கும். கடற்கரைத் திருவிழாவுக்காக ஆடி லிகமெண்ட் கிழிந்தால் அந்த வேலையும் போச்சு. அதனால் மைதானம், ஸ்பான்சர் தேடுவதற்கு முன்பே மூன்றை எழுத்தில் வாங்கணும்: காயத்துக்கு முழு காப்பீடு, டிக்கெட் வருமானத்தில் வீரர்களுக்குப் பங்கு, வேலைக்குச் செல்லுபடியாகும் சான்றிதழ்.