முதலில் கட்டு, பிறகு கேள்! ஏரித் தீவில் எழுந்த ரூ.200 கோடி ஓட்டல் மண்ணோடு மண்ணான கதை

ஓட்டல் கட்ட பஞ்சாயத்தில் ஒரு சீட்டு வாங்கினால் போதும் என்று நினைக்கும் ஆசாமிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கேரளாவில் வேம்பநாட்டு ஏரிக்கு நடுவே உள்ள நெடியதுருத்து தீவுக்கு ஒரு நடை போய் வருவது நல்லது.

அங்கே 54 சொகுசு பங்களாக்கள் வரிசையாக நின்றன. செலவு ரூ.200 கோடி என்று பேச்சு. ஒரே ஒரு விருந்தாளிகூட ரூம் எடுத்துத் தங்குவதற்கு முன்பே அத்தனையும் இடிக்கப்பட்டது. 2022 செப்டம்பர் 15-ந் தேதி கடப்பாரை விழுந்தது. 2023 மார்ச்சு மாதத்தில்தான் வேலை ஓய்ந்தது.

கட்டியது காப்பிகோ கேரளா ரிசார்ட்ஸ் என்ற கம்பெனி. குவைத் பணமும் கேரளத்துப் பணமும் சேர்ந்த கூட்டு வியாபாரம். பெரிய கைகள்தான். பெரிய வக்கீல்களும் வந்தார்கள். எதிரே நின்றவர்கள் யார் தெரியுமா? ஏரியில் கம்பம் நட்டு, வலை கட்டி, இறால் பிடித்து வயிறு வளர்க்கும் மீனவர்கள்!

வலைக்கு வந்த வினை

அந்த ஊரில் மீன் பிடிப்பது நம் மெரினாவில் பார்ப்பது போல இல்லை. ஏரித் தண்ணீர் ஓடும் பாதையில் மரக் கம்பங்களை வரிசையாக ஊன்றுவார்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே பை போன்ற வலையைக் கட்டுவார்கள். கொச்சி முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் உள்ளே ஏறும், பிறகு இறங்கும். இறங்குகிற வேகத்தில் இறால் தானாக வந்து வலையில் விழும். "ஊன்னி வலை" என்று அங்கே பெயர்.

இதில் ஒரு சங்கதி முக்கியம். படகில் போய் வலை வீசுகிறவன், இங்கே மீன் இல்லாவிட்டால் அங்கே போவான். ஊன்னி வலைக்காரன் அப்படிப் போக முடியாது. கம்பம் நட்ட இடம்தான் அவன் கடை. நீரோட்டம் ஒரு முழம் தள்ளிப் போனால் கடைக்குக் கிராக்கி வராது. ஓட்டல் வேலையால் எங்கள் கம்பமும் வலையும் நாசமாகிறது என்றுதான் அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். மெயின் ரோட்டில் கடை வைத்திருப்பவருக்கு இது விளங்கும். கடை வாசலில் மண்ணைக் கொட்டிவிட்டு, "உன் கடையை நான் தொடவில்லையே" என்று ஒருவன் சொன்னால் எப்படி இருக்கும்?

வேம்பநாடு சாதாரண குட்டை அல்ல. பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில், மூவாற்றுப்புழை, பெரியாறு ஆகிய ஆறுகளின் தண்ணீர் அங்கேதான் வந்து சேருகிறது. மழைக்காலத்தில் அத்தனை வெள்ளத்தையும் வாங்கி மெதுவாகக் கடலுக்கு விடும் தொட்டி அது. ராம்சார் ஒப்பந்தத்தின்படி உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்று 2002-ல் பட்டியலில் ஏறியது. தொட்டியின் ஓரத்தில் மண்ணடித்து மேடாக்கினால் தண்ணீர் யார் வீட்டுக்குள் போகும் என்பதை 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் குட்டநாட்டு ஜனங்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்.

சீட்டு கொடுத்தது யார்?

தீவு பாணாவள்ளி பஞ்சாயத்தில் இருக்கிறது. ஆலப்புழை மாவட்டம், சேர்த்தலை தாலுகா. 2007-ல் பஞ்சாயத்து கட்டட பெர்மிட்டு கொடுத்தது. வேலை மளமளவென்று நடந்தது. 2012 வாக்கில் பங்களாக்கள் எழும்பிவிட்டன.

பெர்மிட்டு இருக்கிறதே, பிறகு என்ன குற்றம் என்று கேட்கலாம். அங்கேதான் முடிச்சு.

கடலோர ஒழுங்குமுறைச் சட்டம் 1991 பிப்ரவரி 19-ந் தேதியே வந்துவிட்டது. கடல் மட்டுமல்ல, கடல் தண்ணீர் ஏறி இறங்கும் உப்பங்கழி, ஆற்று முகத்துவாரம் எல்லாமே அதில் அடக்கம். தண்ணீர் அதிகபட்சம் ஏறும் கோடு எது என்று முதலில் குறிக்க வேண்டும். அந்தக் கோட்டிலிருந்துதான் எல்லாக் கணக்கும். ஓட்டல் கட்டுபவர் மாநிலக் கடலோர மண்டல ஆணையத்துக்குப் போக வேண்டும். கூடவே 1:4000 அளவில் வரைபடம் வேண்டும். அந்த வரைபடத்தையும் தன் இஷ்டத்துக்கு ஒரு டிராப்ட்ஸ்மேனிடம் போட்டுக்கொண்டு வர முடியாது. மத்திய அரசு அங்கீகாரம் தந்த ஒரு சில நிறுவனங்கள்தான் போடலாம். நம் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிலையம் அதில் ஒன்று. பிறகு ஆணையம் பார்த்து, சிபாரிசு செய்து, மேலே அனுப்பி, அங்கே சம்மதம் வந்த பின்புதான் அஸ்திவாரம்.

ஓட்டலுக்கு என்று தனி நிபந்தனைகளும் 1991 சட்டத்திலேயே உண்டு. கட்டட உயரம் 9 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. தரைத்தளமும் ஒரு மாடியும்தான். மனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கட்டடம் கூடாது. ஏற்றக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் போர் போட்டு நிலத்தடித் தண்ணீர் எடுக்கக் கூடாது. கடைசி நிபந்தனை ஒன்று போதும். ஒவ்வொரு பங்களாவுக்கும் நீச்சல் தொட்டி என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் "தண்ணீர் எங்கிருந்து?" என்று கேட்டாலே பாதி மனுக்கள் படுத்துவிட வேண்டும்.

ஆபீசில் பைல் புரட்டுகிறவர்களுக்கு ஒரு ரகசியம் தெரியும். எந்த மேஜைக்குப் பைல் போனால் காரியம் கெடும் என்று தெரிந்தவன்தான் கெட்டிக்காரன். அந்த மேஜையைத் தவிர மற்ற எல்லா மேஜைக்கும் போவான். பஞ்சாயத்து மேஜையில் அளவு, ஜன்னல், கழிவறை, வரி இவைதான் பார்ப்பார்கள். இறாலும் நீரோட்டமும் அந்த பாரத்தில் எந்தக் கட்டத்திலும் கிடையாது. கடலோர மேஜையின் சம்மதம் இல்லாமல் பஞ்சாயத்துச் சீட்டை வைத்துக்கொண்டு ரூ.200 கோடியைக் கொட்டியது தெரியாமல் செய்த காரியம் என்று எனக்குத் தோன்றவில்லை. கட்டி முடித்துவிட்டால் யார் கை வைப்பார்கள் என்ற தைரியம்தான்.

கோர்ட்டில் நடந்தது

2013 ஜூலை 25-ந் தேதி கேரள ஐகோர்ட்டு இடிக்கச் சொன்னது. கம்பெனி சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடியது. வேம்பநாட்டை எளிதில் பாதிக்கக்கூடிய கடலோரப் பகுதி என்று சொன்னது 2011 விதிதான், நாங்கள் 2007-லேயே தொடங்கிவிட்டோம் என்பது ஒரு வாதம். ஆனால் 1991 விதியே குறுக்கே நின்றது. 2020 ஜனவரி 10-ந் தேதி நீதிபதி ஆர்.எப்.நரிமன் தலைமையிலான பெஞ்சு ஐகோர்ட்டு உத்தரவை உறுதி செய்தது.

தேதியைக் கவனியுங்கள். மறுநாள், ஜனவரி 11-ந் தேதி, கொச்சி பக்கம் மரடில் அடுக்குமாடிக் கட்டடங்கள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. டெலிவிஷனில் நாடே பார்த்தது. 11, 12 இரண்டு நாளில் நான்கு கட்டடங்கள் சரிந்தன. அதுவும் இதே கதைதான். 2006-ல் பஞ்சாயத்து பெர்மிட்டு கொடுத்தது, கடலோர ஆணையத்திடம் கேட்கவில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம். மரடில் 2019 மே மாதம் உத்தரவு, எட்டே மாதத்தில் புழுதி. வீடு வாங்கிய நடுத்தரக் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு தெருவுக்கு வந்தன. இடைக்கால நஷ்டஈடு என்று ரூ.25 லட்சம் கிடைத்தது. நெடியதுருத்து தீவில் யாரும் குடியிருக்கவில்லை, காலி பங்களாக்கள். அதை இடிக்க ஆரம்பிக்கவே இரண்டரை வருஷத்துக்கு மேல்! கொரோனா ஒரு காரணம் என்றார்கள். சரி, கொரோனா மரடு கட்டடங்கள் இடிந்த பிறகுதான் வந்தது, ஒப்புக்கொள்வோம். ஆனால் 2023 மார்ச்சில், வேலை இன்னும் முடியவில்லையே, தலைமைச் செயலாளர் மீது கோர்ட்டு அவமதிப்பு நடவடிக்கை எடுக்கட்டுமா என்று சுப்ரீம் கோர்ட்டு கடுப்படித்தது. அதற்குப் பிறகு சுத்தியல் வேகமாக விழுந்ததைப் பார்த்தால் காரணம் கொரோனா மட்டும்தானா என்ற கேள்வி வரத்தான் செய்யும்.

சுற்றிலும் தண்ணீர் என்பதால் மரடு போல வெடி வைக்கவில்லை. உடைத்து உடைத்துத்தான் எடுத்தார்கள். இடிக்கும் செலவு கம்பெனி தலையில். தீவில் ஏழு ஏக்கருக்கு மேல் அரசு நிலம் ஆக்கிரமிக்கப்பட்டிருந்தது என்று கண்டு, இடிப்பதற்கு முன்பே கலெக்டர் அதை மீட்டுக்கொண்டார்.

வேலை கிடைக்குமே?

ஓட்டல் வந்தால் உள்ளூர்க்காரருக்கு வேலை என்பது எப்போதும் வரும் பேச்சு. பொய் என்று தள்ள மாட்டேன். படித்துவிட்டுச் சும்மா இருக்கும் பையனுக்கு மாதச் சம்பளம் பெரிய விஷயம். அவனுடைய அப்பா நடுராத்திரியில் தண்ணீர் இறங்கும் நேரம் பார்த்து எழுந்து வலைக்குப் போகிறவர்; மகனும் அப்படிக் கஷ்டப்பட வேண்டாம் என்று நினைப்பதில் தப்பில்லை. ஆனால் அந்த வேலைக்காக, ஒரு குடும்பம் வழிவழியாக வைத்திருந்த கம்ப இடம் போகிறது. அதற்கு என்ன விலை என்று எந்த மனுவிலும் எழுதுவதில்லை. வரவு மட்டும் எழுதி, பற்று எழுதாத கணக்கை எந்தக் கடைக்காரர் ஒப்புக்கொள்வார்?

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

காரணம் இருக்கிறது. முதலில் கட்டிவிட்டு, பிறகு சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும் வழக்கத்தை 2025 மே 16-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அடியோடு தடுத்தது. வனசக்தி வழக்கு என்று பெயர். ஆறு மாதம் நிலைத்தது. நவம்பர் 18-ந் தேதி மூன்று நீதிபதிகள் கொண்ட பெஞ்சு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. கட்டியதை எல்லாம் இடித்தால் கோடி கோடியாகப் பொதுப்பணம் வீண் என்பது மெஜாரிட்டி நீதிபதிகளின் கவலை. ஆஸ்பத்திரி, விமான நிலையம் போன்றவை மாட்டிக்கொள்ளும் என்றார்கள்.

அந்த வழக்கு கடலோர விதியைப் பற்றியது அல்ல, தனி விவகாரம். ஆனாலும் ஓட்டல் முதலாளிகள் காதில் என்ன விழும்? கட்டிவிட்டால் பேரம் பேசலாம் என்றுதான் விழும். ஆஸ்பத்திரிக்குச் சொன்ன நியாயத்தை நீச்சல் தொட்டிக்கும் கேட்பார்கள். அபராதம் கட்டத் தயார் என்பார்கள். ரூ.200 கோடி போடுகிறவனுக்கு அபராதம் என்பது இன்னொரு செலவுத் தலைப்பு. நெடியதுருத்து ஓட்டல்காரர்கள் பயந்தது அபராதத்துக்கு அல்ல, கடப்பாரைக்கு.

விதியும் தளர்ந்திருக்கிறது. 2011-ல் கேரள உப்பங்கழித் தீவுகளில் ஏற்றக் கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது என்று இருந்தது. 2019-ல் வந்த விதி, தீவுக்கென்று நிர்வாகத் திட்டம் போட்ட பிறகு, அதை 20 மீட்டர் ஆக்கியது. ஒரு பஸ் பத்து மீட்டருக்கு மேல் நீளம். இரண்டு பஸ்ஸை வாலும் தலையுமாக நிறுத்தினால் முடிந்தது, அதற்கு அப்பால் கட்டலாம்!

சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை நம் கரைக்கும் இதே மத்திய விதிதான். உங்கள் ஊர் உப்பங்கழி ஓரத்தில் வேலி போட்டு, பொக்லைன் இறங்கி, "பெர்மிட்டு இருக்கிறது" என்று ஒரு காகிதத்தை ஆட்டினால், யார் கொடுத்த பெர்மிட்டு என்று பாருங்கள். ஒவ்வொரு கடலோர மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் ஒரு கமிட்டி இருக்க வேண்டும் என்றும், அதில் மீனவர் உள்பட உள்ளூர்க் கடலோர ஜனங்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. அந்த மூன்று பேர் யார், கடைசியாக எப்போது அவர்களைக் கூப்பிட்டார்கள் என்று கலெக்டர் ஆபீசில் எழுதிக் கேட்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுக் கட்டணம் பத்து ரூபாய்.