இறப்பரையும் துறைமுகத்தையும் ஒரே முடிச்சில் கட்டலாமா?

கரவனெல்ல, ருவன்வெல்ல பக்கத்துத் தோட்டங்களில் வெட்டிய இறப்பர் பால், ஒரு காலத்தில் வல்லரசுகளின் சண்டைக்கு நடுவே போய் நின்றது. கொரியப் போர் நடந்த நேரம். சீனாவுக்குப் போருக்கு உதவும் பொருள்களை அனுப்பக் கூடாதென்று 1951 மே மாதம் ஐக்கிய நாடுகள் சபை கேட்டுக்கொண்டது. இலங்கை அப்போது அந்தச் சபையில் உறுப்பினர்கூட இல்லை. இங்கே அரிசிக்குத் தட்டுப்பாடு, இறப்பர் விலையோ சரிவு. 1952 டிசம்பரில் டட்லி சேனாநாயக்க அரசு, வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனாநாயக்க முன்னின்று, சீனாவுடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் போகும், 270,000 தொன் அரிசி வரும். இறப்பருக்குச் சந்தை விலையைவிடக் கூடுதலாகவே கிடைத்தது. இதைச் செய்தது இடதுசாரிகளைக் கண்டாலே ஆகாத அரசு. பிரிட்டனுடன் 1947இல் செய்த பாதுகாப்பு ஒப்பந்தத்தையும் அது கைவிடவில்லை. திருகோணமலையும் கட்டுநாயக்கவும் 1957 வரை பிரித்தானியர் கையில்தான் இருந்தன. பாதுகாப்பு ஒருவரோடு, வியாபாரம் இன்னொருவரோடு: சின்ன நாட்டுக்கு அந்தப் பிரிவினையே பலமாக இருந்தது.

அதற்கு விலை கொடுக்கவில்லையா என்று கேட்கலாம். கொடுத்தோம், அமெரிக்கா 1956 வரை உதவி தர மறுத்தது. ஆனால் இறப்பர்-அரிசி ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டு 1982 வரை ஓடியது. கணக்கு நட்டமென்றால் முப்பது ஆண்டு யார் ஓட்டுவார்கள்?

இந்தியாவுடனும் பாதுகாப்பையும் வியாபாரத்தையும் இப்படிப் பிரித்தே வைக்க வேண்டும் என்கிறேன். இந்தியா தூரத்து வல்லரசல்ல, பக்கத்து வீடு என்பது இதற்கு இன்னும் வலுவான மறுப்பு. உண்மைதான். 2022இல் நாம் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது ஏறத்தாழ 400 கோடி டொலர் அளவுக்குக் கைகொடுத்தது அந்த நாடுதான். அதே ஆண்டு ஆகஸ்டில் செய்மதிகளைக் கண்காணிக்கும் சீனாவின் யுவான் வாங் 5 கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தபோது புதுடில்லி கவலைப்பட்டதிலும் நியாயம் உண்டு. இந்தியாவின் நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலையை எந்த நாட்டின் இராணுவத்துக்கும் கொடுப்பதில்லை என்று 1987இலேயே கடிதம் மாற்றிக்கொண்டோம். அந்த வாக்கைக் காப்பாற்றுவோம். அதற்காக எல்லாவற்றையும் ஒரே மேசையில் பேச வேண்டியதில்லை. 2025 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் இந்தியாவுடன் பாதுகாப்பு, மின்கட்டமைப்பு இணைப்பு, திருகோணமலை எரிசக்தி மையம் ஆகியவை பற்றிய புரிந்துணர்வு உடன்படிக்கைகள் ஒரே நாளில் கையெழுத்தாகின. பாதுகாப்பு உடன்படிக்கையின் முழு வாசகம் அப்போது மக்கள் முன் வைக்கப்படவில்லை. இப்படி ஒன்றாகக் கட்டிவிட்டால், மின்சார விலையில் பேரம் பேசும் அதிகாரிக்குப் பின்னால் துறைமுகம் நிற்கும். எதை எதற்காக விட்டுக்கொடுத்தோம் என்று பிறகு யாருக்கும் தெரியாது.

இரு அயல் அரசுகள் மூடிய அறையில் கணக்கு முடித்தால் என்ன ஆகும் என்பதை மலையகத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1964 ஒக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டபோது, மலையகத் தமிழரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரிக்கப்பட்டார்கள். லயங்களில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. நட்பு நாடுகள்தான், நல்லெண்ணம்தான். ஆனாலும் குடும்பங்கள் பிரிந்தன. இரகசியம் தேவைப்படும் இராணுவ விபரங்கள் இருக்கலாம். அவற்றைப் பாராளுமன்றக் குழு மூடிய அமர்வில் பார்க்கட்டும். மற்றதெல்லாம் வெளியே வர வேண்டும்.

2025 பாதுகாப்பு உடன்படிக்கையைப் புதுப்பிக்கும் காலம் வருமுன், அதன் வாசகத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் பாராளுமன்றத்தில் வைக்கச் சொல்லி, இறப்பர் விளையும் கேகாலை, இரத்தினபுரி மாவட்ட உறுப்பினர்கள் கேட்க வேண்டும். இந்தியாவுடன் பேசிவரும் பொருளாதார உடன்படிக்கையைத் தனியாக, அதன் இலாப நட்டத்தை மட்டும் வைத்து விவாதிக்க வேண்டும்.