குடும்ப வழிகாட்டி: செரிப் பூ பார்க்க ஒரு நாள்

சித்திரை வருடப்பிறப்புப் பலகாரம் முடியும் நாட்களில் ரொறன்ரோவில் பனி கரைந்துவிடும். ஆனால் மரங்கள் இன்னும் மொட்டையாகவே நிற்கும். கனடாவில் முதற் குளிர்காலத்தைக் கழித்த குடும்பங்களுக்கு, விசேடமாக அடுக்குமாடிக்குள் அடைபட்டிருந்த அம்மம்மா, அப்பப்பாமாருக்கு, மனம் சோர்ந்து போகும் காலம் இது. அதனால் இம்முறை பத்திரங்கள், படிவங்கள் பற்றிய பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு நாட் பயணம் பற்றி எழுதுகிறோம். ஹை பார்க் என்ற பெரிய பூங்காவில் பூக்கும் செரி மரங்களைப் பார்க்கும் பயணம்.

"இரண்டு வேலை செய்கிறோம், இப்போது பூ பார்க்கவா நேரம்? அடுத்த வருடம் பார்ப்போம்" என்று சொல்லுவோர் உண்டு. அவர்கள் அந்த மரங்கள் இங்கு வந்த கதையை முதலில் அறியவேண்டும்.

1942 இல் கனடிய அரசாங்கம், பிரிட்டிஷ் கொலம்பியாவின் கரையோரத்தில் வாழ்ந்த ஏறத்தாழ 22,000 ஜப்பானிய வம்சாவளியினரை அவர்களுடைய வீடுகளிலிருந்து வெளியேற்றியது. அவர்களிற் பெரும்பாலானோர் கனடாவின் பிரசைகள். வீடு, காணி, மீன்பிடிப் படகு எல்லாவற்றையும் அரசாங்கமே விற்றுவிட்டது. போர் 1945 இல் முடிந்த பிறகும், 1949 ஏப்ரல் வரை கரையோரத்துக்குத் திரும்ப அனுமதி கிடைக்கவில்லை. கிழக்கு நோக்கி வந்தவர்களிற் பலர் ரொறன்ரோவில் குடியேறி, வெறுங்கையோடு வாழ்க்கையைத் தொடங்கினார்கள். அவர்களை ஏற்றுக்கொண்டதற்கு நன்றியாக, தோக்கியோ மக்களின் சார்பில் ஜப்பானியத் தூதுவர் 1959 ஏப்ரல் 1 ஆம் திகதி 2,000 செரி மரங்களை ரொறன்ரோ மக்களுக்குக் கையளித்தார். கனடிய அரசாங்கம் 1988 இல் தான் மன்னிப்புக் கேட்டு இழப்பீடு வழங்கியது.

வீடு வாசலை விட்டு வந்தவர்களுக்கு இடம் கொடுத்ததற்கான நன்றிக்கடனே இந்த மரங்கள். இவற்றின் கீழ் நின்று பார்க்க நமக்குக் கூச்சம் வேண்டியதில்லை. பூங்காவுக்கு நுழைவுச்சீட்டும் இல்லை. அகதி விசாரணைக்குக் காத்திருப்பவர்களும் தாராளமாகப் போய் வரலாம்.

எப்போது போவது?

இதுதான் மிக முக்கியம். பூக்கும் நாள் வருடத்துக்கு வருடம் மாறும். பொதுவாக ஏப்ரல் கடைசியிலிருந்து மே மாதத்தின் இரண்டாம் கிழமைக்குள் வரும். முழுதாய் மலர்ந்த பிறகு நான்கு நாள் முதல் பத்து நாள் வரையே நிற்கும். பெருங்காற்றோ மழையோ வந்தால் அதற்கு முன்பே கொட்டிவிடும். இங்குள்ளவை பெரும்பாலும் சோமெய் யோஷினோ என்ற இனம். எல்லாம் ஒட்டுக் கன்றுகள் ஆகையால் ஏறக்குறைய ஒரே நேரத்திற் பூக்கும், ஒரே நேரத்தில் உதிரும். ஆகவே "அடுத்த சனிக்கிழமை பார்ப்போம்" என்று தள்ளிப்போட்டால் ஒரு வருடம் காத்திருக்க நேரும். மொட்டு எந்த நிலையில் இருக்கிறது என்பதை நகரசபையின் இணையத்தளத்தில் பார்க்கலாம். 311 இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தும் விசாரிக்கலாம். ஆங்கிலம் தடுமாறினால் "தமிழ்" என்று சொல்லி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

சனி, ஞாயிறில் கூட்டம் நெரியும். வார நாளிற் காலை வேளை நல்லது. பிள்ளைகளுக்குப் பாடசாலை என்றால் அது விட்டபின் மாலையிற் போங்கள். மே தொடக்கத்தில் சூரியன் மறைய இரவு எட்டு மணி தாண்டும். வேலை நேரம் மாறி மாறி வரும் குடும்பங்கள், ஒருவர் விடுப்பு நாளை மற்றவரோடு ஒத்துக்கொள்ள இப்போதே பேசி வையுங்கள்.

எப்படிப் போவது?

பூ உச்சத்தில் இருக்கும் நாட்களில் பூங்காவுக்குள் வாகனங்களை விடுவதில்லை. காரை மறந்துவிடுங்கள். ஸ்காபரோவில் இருப்பவர்கள் பஸ்ஸில் கென்னடி நிலையத்துக்கு வந்தால், அங்கிருந்து இரண்டாம் இலக்கச் சுரங்க ரயில் மாறாமலே ஹை பார்க் நிலையம் வரை போகும். முக்கால் மணித்தியாலம் அளவில் எடுக்கும். 12 வயது வரையான பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. பிரெஸ்ரோ அட்டையிற் செலுத்தினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் பஸ், ரயில் மாற மறுபடி காசு இல்லை.

நிலையத்திலிருந்து பூங்காவுக்குள் தெற்குப் பக்கமாக நடக்கவேண்டும். கிரெனடியர் குளத்தை நோக்கி இறங்கும் சரிவிலேதான் மரங்கள் அதிகம். இறங்குவது சுகம், ஏறுவது முழங்கால் நோவுள்ளவர்களுக்குக் கடினம். அப்படியானவர்களை அதே ரயிலில் சென் ஜோர்ஜ் நிலையத்தில் இறக்கி, ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் றொபாட்ஸ் நூலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கும் வரிசையாகச் செரி மரங்கள் உண்டு, நடையும் குறைவு.

என்ன கொண்டு போவது?

வெயிலைக் கண்டு ஏமாறவேண்டாம். குளக்கரைக் காற்று குளிரும், ஆகவே ஜக்கெற் கட்டாயம். விரிக்க ஒரு பாய், பிளாஸ்க்கில் தேத்தண்ணி, கட்டுச்சோறோ இடியப்பமோ போதும். ஜப்பானியர் தம் ஊரிலும் இப்படித்தான் மரத்தடியில் குடும்பமாக இருந்து சாப்பிட்டுப் பூ பார்ப்பார்கள். அதை 'ஹனாமி' என்பார்கள். பூங்காவுக்குள் சிறிய மிருகக்காட்சிச்சாலை ஒன்றும் உண்டு. அதற்கும் கட்டணம் இல்லை. பிள்ளைகள் மயிலைக் கண்டு குதூகலிப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. பூவைக் கண்டால் சுவாமிக்கு, தலைக்கு என்று நம்முடைய கை தானாக நீளும். இங்கே கிளையை வளைப்பதும், முறிப்பதும், படத்துக்காக மரத்தில் ஏறுவதும் கூடாது. பட்டை காயப்பட்டால் நோய் புகுந்து மரமே பட்டுப்போகும். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள். விழுந்த இதழ் ஒன்றைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ள யாரும் தடுக்கமாட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் "விடுமுறையில் எங்கே போனாய்?" என்று ஆசிரியர் கேட்கும்போது, புதிதாக வந்த பிள்ளை பல தடவை வாய் மூடியிருக்கும். இந்த மரங்களின் கதையை ரயிலிற் போகும்போது அதற்குச் சொல்லிக் கொடுங்கள். வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாத ஒரு கனடாக் கதை அதன் கையில் இருக்கும்.

அடுத்த இதழில்: கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு.