கணினியின் கிடங்கும் கணக்கேடும்



சென்ற திங்கள் நெருப்பெரிச்சலில் நமக்கு அறிமுகமான ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். பவர் டேபிள் வைத்துப் பனியன் தைத்துக் கொடுக்கும் குடும்பம் அது. மூத்த மகள் 2012-இல் பள்ளியில் பெற்ற அரசின் விலையில்லா மடிக்கணினியிலேயே சனிக்கிழமைக் கூலிக் கணக்கை இன்றும் எழுதி வருகின்றனர். அதில் இடம் நிறைந்துவிட்டதென்று, பெயர் விளங்காத கோப்புறைகளை அழிக்க முனைந்திருந்தான் இளைய மகன். "சற்றுப் பொறு, தம்பி" என்றோம்.

பனியன் கம்பெனியில் சரக்கு கிடங்கில் இருக்கும். அது வந்த விவரம் ஏட்டில் இருக்கும். கணினியின் இயங்குதளமும் அவ்வாறே. விண்டோஸில் செயலிகள் பெரும்பாலும் 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்னும் கோப்புறையில் தங்குகின்றன. புதுப்பிப்புகளின் வரலாறோ, 'விண்டோஸ்' கோப்புறையினுள் 'சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்' என்னுமிடத்தில் பதிவாகிறது. அதே மடிக்கணினியில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் உண்டு. அதில் செயலிகள் 'யுஎஸ்ஆர்' அடைவிலும், அவற்றின் பதிவுகள் 'வார்' அடைவிலும் உள்ளன.

ஏட்டைக் கிழித்தால் சரக்கு மறையாது. வந்தது எது என்பதே தெரியாமற்போகும். செயலியின் கோப்புறையை மட்டும் கையால் அழித்தாலோ, சரக்கு போனபின்னும் ஏட்டில் அது இருப்பாகவே நிற்கும். ஆதலால் வேண்டாத செயலியைக் 'கண்ட்ரோல் பேனல்' வழியாகவே நீக்குதல் முறை.

பின்னர் புதுப்பிப்பு வரலாற்றைத் திறந்து காட்டினோம். இறுதிப் பதிவு 2020 ஜனவரியோடு நின்றிருந்தது. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொதுவான பாதுகாப்பு ஆதரவு அம்மாதம் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டதே காரணம்.

இது சிறு செய்தியன்று. 2017 மே மாதத்தில் 'வான்னாகிரை' என்னும் தீநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளின் கோப்புகளைப் பூட்டி, விடுவிக்கப் பணம் கேட்டது. அதனைத் தடுக்கும் புதுப்பிப்பு அதற்கு இரு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில் வெளிவந்திருந்தது. அதனை ஏற்காத கணினிகளே பெரும்பாலும் வீழ்ந்தன.

தந்தையார் சிறிது நேரம் பேசாதிருந்தார். "பத்துப் பேர் கூலிக் கணக்கு இதில் இருக்கிறதே, ஐயா" என்றார். அன்று மாலையே கணக்குகளை இரண்டு பென் டிரைவ்களில் படியெடுத்தான் மகன். வங்கி வேலைகளை அக்கணினியில் இனிச் செய்வதில்லை என்றும் முடிவாயிற்று.

உங்கள் இல்லத்துக் கணினியிலும் அந்த ஏட்டை இன்றே திறந்து, இறுதித் தேதியைப் பாருங்கள். அழிப்பதைப் பின்னர் எண்ணலாம்.