ஒப்பத்துக்கு முன் ஒரு பார்வை

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், பிள்ளைகளைக் கடல்கடந்து அனுப்பிவிட்ட இல்லங்கள் பல. அங்கிருந்து வரும் பீடிஎஃப் பத்திரத்தில் பெயரையும் விலாசத்தையும் கைப்பேசியிலேயே பதித்து, மின்னொப்பமும் இட்டுவிடுகிறோம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இதனை ஏற்கின்றது.

தமிழில் பெயர் பதித்தால் சில மென்பொருள்களில் வெறுங்கட்டங்களே தோன்றுகின்றன. அங்குள்ள எழுத்துருவில் தமிழ் இல்லாமையே காரணம். ஆதலின் தமிழ் கொண்ட யுனிகோட் எழுத்துருவைத் தெரிந்து, அளவையும் இடத்தையும் ஒப்பத்துக்கு முன்பே சீர்செய்தல் வேண்டும். மறைகுறி கொண்ட ஒப்பமாயின், பின்னர் ஓரெழுத்தை மாற்றினும் அது காட்டிக்கொடுத்துவிடும். நமக்கு அது காவலன்றோ!

ஆனால், படுவான்கரை வயலை விற்கும் உறுதிக்கு இவ்வழி உதவாது. காணிக் கிரயத்தையும் மரணசாசனத்தையும் அச்சட்டம் விலக்கியுள்ளது. காணி உறுதிக்கு நொத்தாரிசின் முன்னிலையும் இரு சாட்சிகளும் இன்றும் வேண்டும்.